மூன்றாவது மூட்டை

மக்காச்சோளத்தின் இலை லேசாக வெளுத்தாலே அவருக்குச் சோறு இறங்காது. அதனால் ஊரில் அவருக்குப் 'பச்சை' என்றே பேர். ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியா போதும், அதையும் பிரித்துப் போடு என்று உரக்கடைக்காரரே தலைப்பாடாக அடித்துக்கொள்வார். விற்கிறவனே வேண்டாம் என்று சொல்லியும் கேட்காதவரை என்ன செய்வது? மூன்றாவது மூட்டையையும் தூவிவிட்டு, மடையைத் திறந்தால் கடைசி வரப்பில் தண்ணீர் முட்டும்வரை அடைக்க மாட்டார். மணல் கலந்த மண், எவ்வளவு விட்டாலும் குடித்துவிடும்.

வயலுக்குக் கீழே பள்ளத்தில் தம்பி வீடும் மாட்டுக் கொட்டிலும் கிணறும். "அண்ணே, நீங்க பாய்ச்சினா என் கிணறு ஊறுதுண்ணே" என்று தம்பி வருஷா வருஷம் பூரித்துப்போவான். இவருக்கும் தானம் செய்த பெருமை.

இந்தத் தடவை தம்பியின் மூன்று மாதக் குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. கிணற்றுத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் குடிக்கிற குழந்தை. ஆஸ்பத்திரியில் ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டது. பிறகு நர்ஸ் வந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள்.

"நைட்ரேட் ரொம்ப அதிகமா இருக்கு, அதான் குழந்தை நீலமாயிருச்சு. சாணிக் குழியிலேருந்தோ உரத்திலேருந்தோ இறங்கியிருக்கும். காய்ச்சினாலும் போகாது."

"எல்லாம் என் மாட்டாலதான்" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். மாட்டை விற்க ஆள் பார்க்கவும் சொல்லிவிட்டான்.

சாணிக் குழி கிணற்றுக்கும் கீழே இருந்தது. மேலே இருந்தது இவர் வயல் மட்டும்தான். பச்சைக்கு அப்போதே புரிந்துவிட்டது. நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள். அவருக்கு அன்று புரளவே இல்லை.

வாய்க்குப் பதில் கை வேலை செய்தது. தினமும் தெருக்குழாயில் கேன் பிடித்துச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார்.

"பெத்த அப்பா கூட இப்படிச் செய்ய மாட்டாங்க, மாமா" என்றாள் தம்பி மனைவி. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான்காம் நாள் மாட்டு வியாபாரி கயிற்றோடு வந்து நின்றார். கன்றிலிருந்து வளர்த்த மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே தம்பி, "எம்பிள்ளைக்கு எமனாயிட்டியேடி" என்று அழுதான்.

"அதை ஒண்ணும் சொல்லாதடா" என்றார் பச்சை. "என் யூரியாதான். நான் பாய்ச்சினா உன் கிணறு ஊறும்னு சொல்லுவியே, உரமும் அந்த வழியாத்தான் வந்திருக்கு."

தம்பி திரும்பிப் பார்த்தான். "எப்பத் தெரியும்?"

"நர்ஸ் சொன்ன அன்னிக்கே."

தம்பி வியாபாரியை அனுப்பிவிட்டு மாட்டைக் கொட்டிலில் கட்டினான்.

இப்போது பச்சை ரெண்டு மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறார். அதையும் மூன்று தடவையாகப் பிரித்துப் போடுகிறார். தண்ணீர் கடைசி வரப்பை எட்டும் முன்பே மடையை அடைத்துவிடுகிறார். விளைச்சல் ஒன்றும் குறைந்துபோகவில்லை. அதுதான் அவரை இன்னும் அறுக்கிறது. கிணறு தேற வருஷங்கள் ஆகுமாம். கேன் தினமும் போகிறது. நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தை "பெரிப்பா" என்று வாசலுக்கு ஓடிவருகிறது.

"அங்க வெச்சிட்டுப் போங்க" என்கிறான் தம்பி. அண்ணே என்று மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.