நான் பொத்திய வலை

இத்தாலியின் பலெர்மோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் சொக்லேற்றும் சவர்க்காரமும் கொடுத்தனுப்புவார்கள். நான் மீன்பிடி வலை கொடுத்தனுப்பினேன். இங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் தெரிந்த அக்கா ஒருவர் கோயில் திருவிழாவுக்குப் போனபோது அவருடைய பெட்டியில் அடைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் போன் எடுத்து ஏசினார். "உன்ர வலையாலை என்ர சாறியெல்லாம் மீன் நாத்தமடி!" வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊரில் மீன்பிடிக்கும் அண்ணாவின் கைக்கு வலை போய்ச் சேர்ந்ததே போதும் என்றிருந்தது.

அந்த வலை கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டியின் வீட்டுக் கராஜில் கிடந்தது. சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் கடலுக்குப் போனவர். பிள்ளைகள் யாரும் போகவில்லை. கேட்டதும் எடுத்துக்கொள் என்றுவிட்டார். மத்தியானம் அவர் கண்ணயரும் நேரங்களில் கராஜ் வாசலில் இருந்து கிழிசல்களைப் பொத்தினேன். வலையின் நிறத்தில் நூல் கிடைக்காததால் செம்மஞ்சள் நூலால் பொத்தினேன்.

எங்களுடைய ஊர் கடல்நீரேரியின் கரையில் இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலந்த, இடுப்பளவு தண்ணீர். தடிகளை நட்டு வலையை வளைத்துக் கட்டிவிட்டால், நீர் வற்றிப் பெருகும்போது மீனும் இறாலும் தாமாக உள்ளே வந்து சேரும். அதைக் களங்கட்டி என்போம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். இன்னொருவருடைய தடியில் யாரும் கைவைப்பதில்லை. காணியோ உறுதிப் பத்திரமோ எங்களுக்கு இருந்ததில்லை, தடி நட்ட அந்த இடம்தான் இருந்தது. பலெர்மோவின் சீசாப் பகுதியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, உடம்பு ஏலாமல் போனால் ஊருக்குப் போய்விடுவேன் என்று நான் தைரியமாகச் சொல்லித் திரிந்ததும் அதை நம்பித்தான்.

வலையைப் பார்த்த அன்று அண்ணாவுக்கு வாயெல்லாம் பல். "நண்டு வெட்டினாலும் அறாது தங்கச்சி" என்றார். பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எப்போது எடுத்தாலும் "வேலையா நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்பார்.

ஒருநாள் சின்யோராவின் வீட்டு மேல்மாடியில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு வீடியோவில் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னேரம். அண்ணா நீரேரிக்கு நடுவே கால் நட்ட ஒரு கொட்டிலில் இருந்தார்.

"எங்கடை தடியளை ஒருக்காக் காட்டுங்கோ."

தயங்கித்தான் போனைத் திருப்பினார். தடிகளைக் காணவில்லை. நாங்கள் தொழில் செய்த தண்ணீரைச் சுற்றி வலையால் அடைத்த வேலி நின்றது. கடலட்டை வளர்க்கும் பண்ணை. கொட்டிலுக்குப் பக்கத்தில் வேலியில் செம்மஞ்சள் நூல் தெரிந்தது.

"அண்ணா, எங்கடை வலை ஏன் வேலியிலை நிக்குது?"

"இடத்தைப் பண்ணைக்காரர் எடுத்திட்டினம். இடமில்லாமல் வலையை வைச்சு நான் என்ன செய்யிறது? குடுத்திட்டன்."

"நீங்கள் அங்கை என்ன செய்யிறியள்?"

"காவல்."

வாய்க்கு வந்தபடி கத்தத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்காமல் வேறு பக்கம் பார்த்து என்னைவிட உரக்கக் கத்தினார். "ஆரது? வேலிக்குக் கிட்ட வராதை! அங்கால போ!" அண்ணாவுக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

வேலியோரம் ஒரு பெண் குனிந்து தண்ணீருக்குள் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இறால் போடும் பறி. குரல் கேட்டதும் நிமிர்ந்து, வலது காலை இழுத்து இழுத்துத் தள்ளிப் போனாள். அந்த நடையை நான் எங்கே கண்டாலும் அறிவேன்.

"அம்மாவோ?"

"ஓம்."

"அம்மாவைப் பாத்தோ இப்பிடிக் கத்துறியள்?"

"கமெரா பூட்டிப் பாத்துக்கொண்டிருக்கினம் தங்கச்சி. கத்தாட்டி வேலை போயிடும். அவவுக்கும் தெரியும்." போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார். "வீட்டை போனா அந்த இறாலைத்தான் கறி வைச்சுத் தாறா. நானும் தின்னுறன்."

நான் அழுதேன். அவர் போனை வைத்துவிட்டார். கீழே சின்யோரா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகிற கதையை நான் எடுப்பதில்லை. எங்கே போவது? அந்த வேலி ஓரிடத்திலாவது அறுந்து போகாதா, அம்மா உள்ளே நுழைந்துவிட மாட்டாளா என்று மட்டும் மனம் கிடந்து தவிக்கிறது. அறாது. நான்தானே இருந்து பொத்தினேன்.