டயர்மேல் ஏறி நின்றேன்

இன்று ஈப்போவில், தம்பி தன் வீட்டு வாசலில் நான்கு சக்கர ஏடிவி வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ரிம்ம விட்டு கழல மாட்டேங்குதுலா!"

எண்பதுகளில் ஒரு காலை நினைவுக்கு வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் சேரும் நாள். தெலுக் இந்தான் பட்டணத்துக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் டயரோ வெடித்திருந்தது. புதியதைப் போடலாமென்றால் பழையது சக்கரத்தின் இரும்பு ரிம்மை விட்டுக் கழலவில்லை.

சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, "மேல ஏறி நில்லும்மா," என்றார் அப்பா.

தோட்டத்து லயத்து வீடுகளின் சனமெல்லாம் பார்க்க, கூச்சத்தோடு ஏறினேன். டயர் அசையவே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்: "காத்துல பறக்குற உடம்புலா இது! அந்தப் புத்தகப் பையயும் தூக்கிக்கிட்டு ஏறு!"

ஏறினேன். கழன்றது. பஸ்ஸும் கிடைத்தது.

இன்று செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, தம்பியின் டயர்மேல் ஏறினேன். உடனே கழன்றது. புத்தகப் பை தேவைப்படவில்லை.

சிரிக்கிறவர்கள், உங்கள் எடையைக் கீழே எழுதிவிட்டுச் சிரியுங்கள்.