நானே அடுக்கிய வேலி

போன கோடையில், நெடுந்தீவின் தெற்கு வெளியில் ஒரு பாழ்கிணற்றுக்குள் கால் முறிந்து கிடந்தேன். நான் அங்கே கிடக்கிறேன் என்று ஒரு சீவனுக்கும் தெரியாது. இன்று இந்தச் செபக் கூட்டத்தில் உங்கள் முன் கதிரையில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்றால், அது என் கெட்டித்தனத்தால் அல்ல. என் கெட்டித்தனத்தால்தான் சாகப் பார்த்தேன்.

என் பெயர் மரியநாயகம். மாடு வளர்க்கிறவன். எங்கள் தீவில் மாடுகளைக் கட்டி வளர்ப்பதில்லை, வெளியில் விட்டுவிடுவோம். கோடை வந்தால் குளம் குட்டை எல்லாம் வற்றிப் போகும். வெளிநாடு போனவர்களின் மாடுகளும், ஆளில்லாத கட்டைக் குதிரைகளும் நாக்கை நீட்டிக்கொண்டு திரியும். அதைப் பார்க்க எனக்கு ஏலாது. அதனால் பின்நேரம் ஆனதும் நல்ல தண்ணீர்க் கிணற்றில் இறைத்து, உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போய், வெளியில் இருக்கும் கல்தொட்டியை நிரப்புவேன். நிரப்பிவிட்டு, "இந்தா வா… இந்தா வா…" என்று நீட்டிக் கூப்பிடுவேன். எங்கெங்கோ நிற்பவை எல்லாம் ஓடிவரும். ஊரில் யாருக்கும் காய்ச்சல், வருத்தம் என்றாலும் அதே உழவு இயந்திரத்தில்தான் இறங்குதுறைக்குக் கொண்டு போவேன்.

என் மனைவி திரேசா இதற்கு வாயால் சும்மா விடுவதில்லை. "ஊரான்ரை மாட்டுக்கெல்லாம் தண்ணி வைக்கிறியள். எங்கடை குசினிக்குள்ளை குடம் காஞ்சு கிடக்குது" என்பாள். சொல்லிவிட்டு வாளிக் கயிற்றின் மறுபக்கத்தைத் தானே பிடிப்பாள்.

அன்று காலை, பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா அழுதுகொண்டு வந்தா. புருசனை இழந்தவ. ஒரேயொரு சிவத்தப் பசு, கன்று போடும் நாள் நெருங்கியது, இரவு வீட்டுக்கு வரவில்லை. "தம்பி, எனக்கு அதைவிட்டா ஆர் இருக்கினம்?" என்றா. நான் பழைய கோட்டைப் பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லி நடந்தேன். கைத்தொலைபேசியை வழமைபோல வீட்டில் சார்ஜில் விட்டுவிட்டேன்.

பாதி வழியில் பசுவின் காலடி தெற்கே திரும்பியிருந்தது. நானும் திரும்பினேன். கனடாவில் இருக்கும் ஒருவரின் பாழ்வளவுக்கு, ஆளில்லாத காணிக்கு, அப்பால் பசு கதறுவது கேட்டது. சுற்றிப் போனால் நேரம் பிடிக்கும். வேலியில் கொஞ்சக் கல்லை இறக்கிவிட்டு உள்ளே போனேன்.

எங்கள் வேலிகள் சாந்து பூசாமல், கடற்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டியவை. வேலியைப் பிரித்துப் போகிறவன் திரும்பிப் பார்த்து அடுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் மாடுகள் நுழைந்துவிடும். அது எங்கள் மரியாதை. நான் ஒரு கல்லும் பிசகாமல் அடுக்கினேன். அடுக்கிவிட்டு நின்று ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு பத்து எட்டு வைத்திருப்பேன். புல் மூடிக் கிடந்த கிணறு, அதற்குச் சுற்றுக்கட்டும் இல்லை. அவ்வளவுதான்.

கீழே சேறு. வலது கால் எனக்குச் சொந்தமில்லாதது போல மடங்கிக் கிடந்தது. மேலே ஒரு துண்டு வானம் மட்டும் தெரிந்தது. அந்தோனியாரைக் கூப்பிட்டேன். "காணாமல் போனதைத் தேடித் தாற ஐயா, மாட்டைத் தேடி வந்தனான். இப்ப என்னையும் சேர்த்துத் தேடும்" என்றேன். தெரிந்த செபம் எல்லாம் சொன்னேன். பாதியில் மறந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

வெயில் உச்சிக்கு ஏறிச் சாயும் நேரம், தென்புற வேலியடியில் என்னைத் தேடி வந்தவர்களின் குரல் கேட்டது. பக்கத்து வளவுச் சிவராசாவின் குரல். உயிர் வந்தது. கத்தினேன். ஆனால் தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அவர்கள் பேச்சை எனக்குக் கொண்டு வந்தது, என் குரலை அவர்களிடம் போகவிடவில்லை. சிவராசா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இதுக்குள்ளை போயிருக்க மாட்டார். வேலி சுத்திவர ஒரு கல்லும் குலையேல்லை. வாங்கோ, கோட்டைப் பக்கம் போவம்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் அடுக்கிய வேலி. என் கையாலேயே என்னை மூடி வைத்துவிட்டேன். அப்போதுதான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். திரேசாவை நினைத்தேன். காலையில் அவள் தந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்ததை நினைத்தேன். காற்றைத் திட்டினேன். கடவுளையும் திட்டினேன் என்றால் நம்புவீர்களா? "உமக்குக் காது கேளாதோ?" என்று கேட்டேன்.

பிறகு செபமும் வரவில்லை. வாய் காய்ந்துவிட்டது. வெயிலின் சாய்வைப் பார்த்தேன். தண்ணீர் வைக்கும் நேரம். அந்தச் சீவன்கள் வெறும் தொட்டியடியில் வந்து நிற்குமே என்று மனது பதறியது. வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல், பழக்கத்தில், "இந்தா வா… இந்தா வா…" என்றேன். கூப்பிட ஏதுமில்லாத இடத்தில் கிடந்து கூப்பிட்டேன்.

தொட்டி அந்தப் பாழ்வளவுக்கு வடக்கே இருக்கிறது. நான் திட்டிய அதே காற்று, அந்தக் குரலை அங்கே கொண்டு போயிருக்கிறது.

இனி நடந்தது திரேசா சொன்னது. ஊரார் கோட்டைப் பக்கம் தேட, அவள் சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்திருக்கிறாள். "நீங்கள் வந்தவுடனை முதல் என்ன கேப்பியள் எண்டு எனக்குத் தெரியாதோ? மாட்டுக்குத் தண்ணி வைச்சனியோ எண்டுதான்" என்று பிறகு சொன்னாள். தண்ணீரை ஊற்றியும் ஒரு மாடும் திரும்பவில்லை. நாள் முழுக்கத் தாகத்தில் நின்றவை, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாழ்வளவின் வேலியை முட்டி நின்றன. கல் சரிந்துகொண்டிருந்தது. அவற்றில் என் மாடுகள் இரண்டோ மூன்றோதான், மற்றதெல்லாம் ஊர் மாடுகள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. சரிந்த கல்லுக்கு மேலாக ஏறி ஓடிவந்தாள். அந்தத் துண்டு வானத்தில் அவள் முகம் தெரிந்தது.

"இஞ்சருங்கோ… உயிரோடை இருக்கிறியளோ?"

"ஓம். மாடுகள் குடிச்சதோ?"

"நாசமாப் போன மனுசன்" என்றவள் அப்படியே கிணற்றடியில் இருந்து அழுதாள்.

ஊரார் வந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். சிவராசா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன படகிலும் விடவில்லை. "அண்ணை, வேலியைப் பாத்து ஏமாந்திட்டன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். "வடிவா அடுக்கினது நானடா" என்றேன். சிவத்தப் பசு அந்த வளவுக்கு அப்பால் கன்றோடு நின்றது. நான் ஆஸ்பத்திரியால் வந்த அன்று ஞானம்மா அக்கா, கன்று போட்ட மாட்டின் முதல் பாலைக் காய்ச்சிய கடும்பு கொண்டு வந்து, தன் கையாலேயே ஊட்டிவிட்டா.

நான் படுத்திருந்த காலம் முழுக்கத் தொட்டி ஒருநாளும் காயவில்லை. ஊர் முறை வைத்து நிரப்பியது. கனடாக்காரருக்கு நடந்ததைச் சொன்னோம். கிணற்றை மூடக் கல் போதாவிட்டால் வேலியிலிருந்தே எடுங்கள், மாடுகள் திறந்த வழி அப்படியே கிடக்கட்டும் என்றார். இப்போது எங்கள் ஊரில் வேலியைப் பிரித்துப் போகிறவர்கள், அடுக்கிவிட்டு மேலே ஒரு பச்சை ஓலையைச் செருகி வைக்கிறார்கள். ஆள் உள்ளே என்று அர்த்தம்.

அன்பானவர்களே, அன்று என்ன செபம் சொன்னீர் என்று பலர் கேட்கிறார்கள். பெரிய செபம் எதுவும் இல்லை. சொல்லத் தெரிந்ததெல்லாம் தீர்ந்த பிறகு வாயில் மிஞ்சியது மாட்டைக் கூப்பிடும் சத்தம்தான். அதைத்தான் ஆண்டவர் கேட்டார். உங்களுக்கும் ஒருநாள் வார்த்தை தீரும். பயப்படாதீர்கள். தினமும் யாருக்காகக் கூப்பிட்டுப் பழகினீர்களோ, அந்தக் குரலிலேயே கூப்பிடுங்கள். இப்போது தொட்டியடியில் நின்று கூப்பிடுவது திரேசா. நான் இந்தக் காலோடு கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் குரல் கேட்டதும், மாடுகளுக்கு முன்னமே என் கால் எழும்பப் பார்க்கும்.