பாலம் கேட்கப் போன பொன்னாடை

அரசாங்கம் என்றால் ஒரு பெரிய கட்டடம், அதற்குள் ஒரு பெரிய அறை, அந்த அறைக்குள் ஒரு பெரிய மனிதர், அவர் தலையாட்டினால் எல்லாம் நடக்கும் என்றுதான் நாற்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன். இதற்கு என் படிப்பைக் குற்றம் சொல்லலாம். மூன்றாம் படிவத்தோடு நின்றுபோன படிப்பு. ஆனால் உண்மையான காரணம் நான் பிறந்த தோட்டம். அங்கே விளக்கு எரியாவிட்டாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும் போகவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: தோட்ட ஆபீஸ். மேனேஜர் மனசு வைத்தால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடும். நாடு என்பதும் வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்ட தோட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் மாவட்ட நிர்வாகத்தைக் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுப் படிக்கிறீர்கள். நான் படித்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். சிரித்துக்கொண்டே படிக்கலாம். அப்பாவுக்குக் கோபம் வராது.

லாபிஸ் பட்டணத்துக்கு வெளியே நம் வீட்டுச் சந்து பெரிய சாலையில் சேரும் இடத்தில் ஒரு அகலமான வாய்க்கால் ஓடுகிறதே, அதன் மேலிருந்த சின்னப் பாலம் ஒரு மழைக்காலத்தில் ஒரு பக்கமாக இடிந்து விழுந்தது. மோட்டார் சைக்கிள் போகலாம். வேன் போக முடியாது. பெரியவன் அப்போது இடைநிலைப் பள்ளி விடுதியில் இருந்தான். சின்னவள் முதலாம் ஆண்டில் சேர்ந்த புதிது. தூரத்தில் பார்த்தால் புத்தகப் பை மட்டும் தனியாக நடந்து வருவது போல இருக்கும்.

பள்ளி வேன் ஓட்டும் அக்கா வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி, இடிந்த இடத்தை எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, வண்டி நெறைய பிள்ளைங்க இருக்கு. இதுமேல நான் ஏத்த மாட்டேன். பாலம் சரியாகற வரைக்கும் பஸ் ஸ்டாப்புலதான் நிப்பேன். கோவிச்சுக்காதீங்க லா.”

பஸ் நிறுத்தம் வளைவைத் தாண்டி இருந்தது. அதுவரை சாலையோரத்தில் நடக்க வழி கிடையாது. விடியற்காலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்த வளைவில்தான் வேகம் எடுக்கும். நான் அதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவேன். அம்மாவின் தொழிற்சாலை பஸ்ஸும் சீக்கிரமே வந்துவிடும். பாலம் இடியும்வரை பக்கத்து வீட்டு அத்தைதான் சின்னவளை வாசலில் வேன் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர், அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. எனவே அம்மாவே சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள், தன் பஸ்ஸைத் தவறவிட்டாள், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். இப்படியே போனால் ஒன்று அம்மாவுக்கு வேலை போகும், இல்லாவிட்டால் சின்னவள் லாரிகளுக்குப் பக்கத்தில் தனியாக நடக்கவேண்டும்.

“நான் பார்த்துக்கறேன்” என்றேன். கோயில் கமிட்டியில் துணைச் செயலாளராக இருப்பவன் வேறு எப்படிப் பேசுவான்?

கமிட்டியில் நான் கற்றுக்கொண்ட ஒரே நிர்வாகப் பாடம் பொன்னாடை. யார் வந்தாலும் தோளில் ஒன்றைப் போடவேண்டும். போட்ட பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும். நம்மவர்களின் எந்தக் கூட்டத்திலும் பாதி நேரம் இதற்கே போய்விடும். எனவே கடைக்குப் போய் ஜரிகை வைத்த ஊதாப் பொன்னாடை ஒன்றை வாங்கி வந்து, சலவை மடிப்பாக முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, டி.ஓ. என்னும் மாவட்ட அதிகாரியைப் பார்க்கப் புறப்பட்டேன். உங்கள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏங்க, பாலம் கேக்கப் போறீங்களா, பாலம் தெறக்கப் போறீங்களா?”

புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தது சனி, ஞாயிறு என்று மாறியிருந்தது. சின்னவளுக்குக்கூடத் தெரிந்த செய்தி. பூட்டிய கதவுக்கு முன்னால் பொன்னாடையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். “டி.ஓ. என்ன சொன்னாரு?” என்று அம்மா கேட்டாள். “கூட்டம் அதிகம்” என்று சொல்லிவிட்டேன்.

மறுபடி ஒரு வியாழக்கிழமை, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மாவட்ட அலுவலகம் இருக்கும் பட்டணத்துக்குப் போனேன். கூடம் நிறைய நாற்காலிகள், மேலே நம்பர் காட்டும் பலகை. நான் நம்பர் எடுக்கவில்லை. பெரிய மனிதரைப் பார்க்க வந்தவனுக்கு நம்பர் எதற்கு? உட்புறக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. பூப்போட்ட பாத்தேக் சட்டை, கறுப்பு சொங்கோக் தொப்பி, நரைத்த மீசை, கையில் கோப்பு. நடையிலேயே அதிகாரம். இரண்டே எட்டில் போய், பொன்னாடையை உதறி, அவர் தோளில் போர்த்தி, கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “தெரிமா காசே, தெரிமா காசே” என்று மலாயில் நன்றி சொல்லி என் கையை விடாமல் குலுக்கினார். வாய்க்கால், பாலம், பிள்ளைகள் என்று மலாயில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு பொன்னாடையோடு படியிறங்கி, வெளியே நின்ற தன் பழைய மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

முகப்பில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், அவரு யாருன்னு தெரியுமா?”

“டி.ஓ. தானம்மா?”

“அவரு நெலப் பட்டா விஷயமா வந்தவரு. உங்கள மாதிரி தான். இன்னிக்கு வியாழக்கிழமை, ஆபீஸ்ல எல்லாரும் பாத்தேக் போடுவாங்க. வெளியாளு போடக் கூடாதா? எங்க டி.ஓ. ஒரு அம்மா. மீட்டிங்குக்கு ஜொகூர் பாரு போயிருக்காங்க.”

“அலாமாக்” என்றேன். நம் ‘ஐயையோ’வுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் வார்த்தை.

“அவங்க இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாங்க, அங்கிள். இங்க யாரும் எதையும் வாங்கக்கூடாது. உக்காருங்க. என்ன பிரச்சினை?”

சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினாள். மாவட்ட அதிகாரி மாவட்டம் முழுவதையும் மேற்பார்க்கிறவர். நில விவகாரமும் அவரிடம்தான். மாவட்டத்தைப் பல முக்கிம்களாகப் பிரித்து, அவற்றைக் கவனிக்கப் பெங்ஹுலு என்னும் அதிகாரிகளை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே கம்பம் என்னும் கிராமங்களின் தலைவர்கள். பெரிய சாலை பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. ஆறும் பெரிய வாய்க்காலும் வடிகால் இலாகாவினுடையது. குப்பை, தெருவிளக்கு, குடியிருப்புச் சந்து எல்லாம் மாவட்ட மன்றம். அது தனி அலுவலகம், தனித் தலைவர்.

“அப்போ இவங்களுக்கெல்லாம் யாரும்மா மேனேஜர்?”

“இது தோட்டம் இல்ல, அங்கிள். சரி, உங்க சந்து மன்றத்து எல்லைக்குள்ள இருக்கா? வீட்டு வரி யாருக்குக் கட்டுறீங்க?”

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

“வீட்டு வரியா? நான்தானே வருஷா வருஷம் கட்டுறேன். நம்ம மீன் மார்க்கெட் பக்கத்துல இருக்கே, அந்த ஆபீஸ்ல.”

மீன் மார்க்கெட்! வாரா வாரம் நான் கெம்போங் மீன் வாங்கும் இடம். அந்தக் கட்டடத்தின் நிழலில்தான் மோட்டாரையே நிறுத்துவேன். ஏதோ வங்கி என்று நினைத்திருந்தேன். பெரிய மனிதரைத் தேடி அடுத்த பட்டணம் வரை போனவன், வீட்டு வாசலில் இருந்த அரசாங்கத்தின் முன்னால் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கே ஓடினேன். புகார் முகப்பில் இருந்த மலாய்க்காரத் தம்பியிடம், இந்த முறை நம்பர் எடுத்துக்கொண்டுதான் போனேன். கூட்டத்தில் பேசுவது போல நான் ஆரம்பித்ததும் அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“படம் இருக்கா, அங்கிள்?”

போனைத் திறந்தேன். கோயில் திருவிழாவில் நான், ஆண்டுக் கூட்டத்தில் நான், மைக் பிடித்தபடி நான், பொன்னாடையோடு நான். தம்பி எட்டிப் பார்த்தான். “பாலம் எது?” என்றான்.

மறுபடி அம்மாவுக்குப் போன். திட்டிக்கொண்டே ஒரு படம் அனுப்பினாள். முதல் நாளே எடுத்து வைத்திருக்கிறாள். உடைந்த பாலத்தின் ஓரத்தில் சின்னவள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் சாலையில் ஒரு லாரியின் சக்கரம், அவளைவிட உயரமாக. தம்பி அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். எழுந்து உள்ளே போய், பொறியியல் பிரிவிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தான்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “சந்து எங்களுது. வாய்க்கால் வடிகால் இலாகாவோடது.”

“அப்போ பாலம்?”

“அதை அவங்களோட உக்காந்து பேசணும். மாவட்ட அதிகாரி நடத்துற கூட்டத்துல எல்லா இலாகாவும் வரும், அங்க வைக்கிறோம். புதுப் பாலத்துக்கு நாளாகும். பிள்ளை அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. முதல்ல இரும்புத் தகடு போட்டுடறோம்.”

நான் அவரை வணங்கினேன். நல்லவேளை, போர்த்த என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

அடுத்த வாரமே ஆட்கள் வந்தார்கள். இடிந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, மேலே தடித்த இரும்புத் தகடுகளைப் போட்டு, எடையைக் குறித்து ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை நான் ஷிப்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். அம்மா தன் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சின்னவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். வேன் அக்கா சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, செருப்புக் காலால் தகட்டைத் தட்டினார். பலகையைப் படித்தார். அப்படியும் திருப்தி இல்லை.

“அண்ணே, நீங்க கொஞ்சம் மேல ஏறி நில்லுங்க.”

ஏறி நின்றேன், கைலியோடு.

“குதிங்க.”

“என்னது?”

“குதிங்கண்ணே. உங்களத் தாங்கிடுச்சுன்னா என் வேன் என்ன பெரிய வேன்?”

குதித்தேன். சந்தே வேடிக்கை பார்த்தது. வேனுக்குள்ளிருந்த பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, “இன்னொரு தடவை, அங்கிள்!” என்று கத்தினார்கள். குதித்தேன். தகடு அசையவில்லை. அக்கா வண்டியை மெதுவாக உள்ளே கொண்டுவந்தார். சின்னவள் ஏறினாள். வேன் திரும்பி அந்தத் தகட்டைக் கடந்து வளைவில் மறையும் வரை நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

போன் அடித்தது. அம்மா, பஸ்ஸிலிருந்து.

“ஏறிட்டாளா?”

“ஏறிட்டா.”

“வாசல்லயா?”

“வாசல்லதான்.”

பக்கத்துச் சீட்டுக்காரியிடம் “ஏறிட்டாளாம்” என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு, “சரி, மூஞ்சி கழுவிட்டுக் கெளம்புங்க, உங்க வேலைக்கு நேரமாச்சு” என்றாள்.