தீப்பெட்டி ஆபீஸ் பஸ்

கடம்பூர் ஸ்டேஷனில் கிராசிங்குக்காக ரயில் நிற்கிறது. கரிசல் காட்டு வெயிலில் ஜன்னல் கம்பி சுடுகிறது. போளி விற்கிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். எனக்காகத் தட்டிலிருந்து போளியை எடுக்கும்போது என்ஜின் ஹாரன் அடிக்கிறது. அவள் கை உதறி, போளி தட்டிலேயே விழுகிறது.

“சின்னப்பிள்ளையிலருந்தே இப்படித்தான் அண்ணாச்சி,” என்று சிரிக்கிறாள். “விடியுமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸு ஊர் முக்குல வந்து ஹாரன் அடிக்கும். தூக்கத்துல எந்திரிச்சு ஓடணும், தீக்குச்சி அடுக்க. அழுதுக்கிட்டேதான் ஏறுவோம். ஆனா அந்த நீல பஸ் டிரைவர் மாமா தங்கமான மனுசன். பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுவாவ. எறங்கும்போது காக்கிச்சட்டைப் பையிலருந்து ஆளுக்கொரு கடலைமிட்டாய் குடுப்பாவ.”

அந்தச் சட்டைப்பையின் வாசனை எனக்குத் தெரியும். அந்த டிரைவர் என் அப்பா. பள்ளிக்கூட லீவு நாட்களில் அவர் மடியில் உட்கார்ந்து நான்தான் அந்த ஹாரனை அமுக்குவேன். அப்படியொரு சந்தோஷம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

“அந்தக் காலத்துல எல்லாரும் பிள்ளைகளை அனுப்புனதுதானம்மா? அதத் தப்புன்னு சொல்ல முடியுமா?” என்று கேட்கிறேன்.

அவள் போளியை இலையில் மடித்தபடியே சொல்கிறாள்: “அந்த டிரைவர் மாமா நல்லவியதான் அண்ணாச்சி. அதுக்காவ, பச்சப்பிள்ளைய எழுப்பி ஏத்திட்டுப் போனது நல்லதாயிருமா?”

அவர் என் அப்பா என்று சொல்ல வாயெடுக்கிறேன். என்ஜின் மறுபடியும் ஹாரன் அடிக்கிறது. அவளுக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போடுகிறது. ஹாரன் அமுக்கிய அதே கையை நீட்டிப் போளியை வாங்கிக்கொள்கிறேன்.