ஜன்னலோர நாற்காலிக்கு ஒரு விவரம்

நூலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெப்சைட்காரர் என்றால்தான் தெரியும். மாடியில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கும் ஓடாத ஏசிக்கும் நடுவே அவருக்கு ஒரு மேசை, அதன்மேல் இரண்டு திரைகள். ஒன்றில் நூலகத்தின் வெப்சைட் இருக்கும். இன்னொன்றில் அந்த வெப்சைட்டை ஓட்டுகிற சாஃப்ட்வேர் இருக்கும். அந்த சாஃப்ட்வேருக்கு முதலாளி என்று ஒருத்தர் கிடையாது. பல நாடுகளில் இருப்பவர்கள் கூலி வாங்காமல் கூடி எழுதுகிறார்கள்; யார் வேண்டுமானாலும் எடுத்து, அதில் கட்டுரையும் படமும் போட்டுத் தன் வெப்சைட்டை நடத்திக்கொள்ளலாம். நம்மவரும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். சம்பளம் வாங்குவது நூலகத்தில், மண்டையை உடைத்துக்கொள்வது அந்தக் கூட்டத்தில். இப்படியும் சில ஜென்மங்கள் உண்டு.

வெப்சைட்டில் தினம் ஒரு படம் போடுவது அவர் வழக்கம். நூலகத்தின் மாடிப்படி, வாசல் கேட், மழையில் நனைந்த சைக்கிள் ஸ்டாண்டு, இப்படி ஏதாவது. படம் போட்டால் அதன் பின்னால் ஒரு வரி விவரமும் எழுத வேண்டும். கண் தெரிகிறவர்களுக்கு அந்த வரி தெரியவே தெரியாது. கண் தெரியாதவர்கள் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் சாஃப்ட்வேர் வைத்திருப்பார்கள் அல்லவா, அது படம் வந்ததும் அந்த வரியைப் படிக்கும். படத்தில் இருப்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. விதியை எழுதிய கூட்டத்தில் இவரும் இருந்தார். ஆனால் இவர் எழுதுவதைப் பாருங்கள்:

‘மாடிப்படி. மூன்றாவது படி இன்னும் ஆடுகிறது. கொத்தனார் நாளைக்கு வருவாராம். அந்த நாளை என்றைக்கு என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.’

நூலகர் அம்மா ஒருநாள் இதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது படத்துக்கு விவரமா, இல்ல பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட வம்பா?” என்று கேட்டார். இவர் சிரித்து மழுப்பிவிட்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வரிகள் எல்லாம் ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்டவை. அவருடைய அக்காவுக்காக.

அக்கா கல்யாணமாகிப் போனது கடல் தாண்டி. போன பிறகும் தம்பிக்கு அவள் குரல் இல்லாமல் ஒரு நாள் விடியாது. பல் தேய்க்கும்போதே போனில் ஆரம்பித்துவிடுவார்கள். என்ன சமையல், யாரோடு சண்டை, எந்தப் புத்தகம் அறுவை என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். பிறகு அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஓரத்திலிருந்து இருட்டு ஏறிக்கொண்டே வந்து கடைசியில் மூடிவிட்டது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்குத் தம்பி போனில் குழந்தை மாதிரி அழுதார். அக்காதான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. மறுநாளும் அழுதார். அதற்கடுத்த நாள் அத்தான் போனை எடுத்து, “அவளால யாரோடயும் பேச முடியலைப்பா. பேசுனா எல்லாருக்கும் அவளே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கு. கொஞ்ச நாள் விடு” என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்காக நீண்டது. போன் செய்தால் அத்தான்தான் பேசுவார். நல்லா இருக்கா, சாப்பிடுறா, தூங்குறா. ஒரே ஒரு தடவை மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்: “உங்க லைப்ரரி வெப்சைட்டைத்தான் காலைல காப்பி குடிச்சுக்கிட்டே கேக்குறா. ஒரு நாள் விடுறதில்ல.”

அன்றிலிருந்துதான் தம்பி விதியை மீற ஆரம்பித்தார். அந்த நூலகம் அவர்கள் இருவரும் வளர்ந்த இடம். பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா நேராக இங்கே வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். இவர் அவள் பையைத் தலைக்கு வைத்துத் தரையில் தூங்குவார். அப்படிப்பட்ட இடத்தைப் படத்துக்கு ஒரு வரியாக அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பினார் என்ன, கிணற்றில் போட்ட கல்தான். அவள் கேட்கிறாள் என்பதற்கு அத்தானின் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அத்தானோ யார் மனமும் கோணக் கூடாதென்று கசாப்புக் கடையில்கூட ஆட்டைப் புகழ்ந்துவிட்டு வரும் மனிதர். அதுதான் இவரை அரித்துக்கொண்டே இருந்தது. கேட்கிறாளா, இல்லை, தன் வாயை அடைக்கச் சொன்னதா?

இந்த நேரத்தில்தான் சாஃப்ட்வேர் கூட்டத்தில் ஏஐ வந்து புகுந்தது. முதலில் கட்டுரையைச் சுருக்கித் தரும் வசதி. அப்புறம் தலைப்பு சொல்லித் தரும் வசதி. இரண்டுக்கும் ஆன்லைன் கூட்டத்தில் காரசாரமான சண்டை. ஏஐ எழுதியதை ஒரு மனிதர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வெளியே விடக் கூடாது என்று ஒரு கட்சி, அப்படியானால் எதற்கு ஏஐ என்று இன்னொரு கட்சி. மூன்றாவதாக வந்தது, படத்தைப் பார்த்துத் தானே விவரம் எழுதும் வசதி. “விவரம் எழுதுறதுல உங்களை மாதிரி யாரும் இல்ல, நீங்கதான் செய்யணும்” என்று ஒருங்கிணைப்பாளர் அதை இவர் தலையில் கட்டினார்.

இவரும் மனதாரத்தான் செய்தார். உலகத்தில் கோடிக்கணக்கான படங்கள் விவரமே இல்லாமல் ஊமையாகக் கிடக்கின்றன. அவற்றின் முன்னால் அக்காவைப் போல எத்தனை பேர் ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறார்கள். அது மாறினால் நல்லதுதானே. வேலை மளமளவென்று நடந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொத்தான் வைத்தாயிற்று. பிறகு எல்லாப் படங்களுக்கும் சேர்த்து ஒரே பொத்தான். காலியாக இருக்கும் விவரத்தை மட்டும்தான் அது நிரப்ப வேண்டும். காலிதானா என்று பார்க்கும் சோதனையை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். இவரும் கொத்தனார் ஜாதிதான்.

சோதனைக்கென்று நூலக வெப்சைட்டின் நகல் ஒன்றை வைத்திருந்தார். திரையில் நகல் ஒரு விண்டோவில், அசல் இன்னொரு விண்டோவில். இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே நிறம். இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்கிற முட்டாள்தனத்தை ஒரு மத்தியானம், வாயில் பிஸ்கட்டோடு, அவரும் செய்தார். அசலில் போய் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டார்.

பச்சைக் கோடு ஓடி முடிந்தது. ‘அனைத்துப் படங்களுக்கும் விவரம் எழுதப்பட்டது’ என்று திரை சொன்னது. மேலே இருந்த வெப்சைட் முகவரியைப் பார்த்தார். நகலுடையது இல்லை, அசலுடையது. மாடிப்படி படத்தைத் திறந்தார்: ‘இரும்புக் கைப்பிடியுடன் கூடிய சிமெண்ட் படிக்கட்டு.’ ஜன்னலோர நாற்காலியைத் திறந்தார். அங்கே அவர் எழுதியிருந்தது, ‘ஜன்னலோர நாற்காலி. வெயில் அதன் ஒரு கையில் மட்டும் விழுகிறது. யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்.’ இப்போது இருந்தது, ‘பெரிய ஜன்னல் அருகே பழுப்பு நிற மர நாற்காலி. பின்னணியில் புத்தக அலமாரிகள்.’

கட்டுரையை மாற்றினால் பழையதைச் சேமித்து வைக்கும் வசதி அந்த சாஃப்ட்வேரில் உண்டு. பட விவரத்துக்குக் கிடையாது. அதையும் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். நல்லவேளையாக, சர்வர் கம்பெனி முந்தைய நாளின் நகல் ஒன்றை வைத்திருந்தது. அதை இறக்கிக்கொண்டார். உயிர் வந்தது. திரும்பப் போட ஒரு க்ளிக் போதும்.

கை மவுஸ் மேலேயே இருந்தது. க்ளிக் செய்யவில்லை.

அவள் நிஜமாகவே கேட்கிறவளாக இருந்தால், நாளைக்குக் காப்பி குடிக்கும்போது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ஏதாவது ஒரு அசைவு வராதா? ஒன்றும் வராவிட்டால், இத்தனை வருஷமும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்றாவது தெரிந்துபோகும். நினைக்கும்போதே வெட்கமாக இருந்தது. கண் தெரியாத அக்காவுக்குப் பரீட்சை வைக்கும் தம்பி. இருந்தாலும் இரண்டு நாள் பார்ப்போம் என்று திரையை அணைத்துவிட்டு எழுந்தார். ஆசை யாரை விட்டது?

மறுநாள் போட்ட படத்துக்கும் பொத்தானையே அழுத்தினார். அதற்கு மறுநாளும். நூலகர் அம்மா, “என்ன, விவரமெல்லாம் திடீர்னு ஒழுக்கமாயிடுச்சு” என்று பாராட்டினார். ஆன்லைன் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர், நம்மவர் ஒரு முழு வெப்சைட்டிலேயே ஓட்டிக் காட்டிவிட்டார் என்று கைதட்டினார். இவருக்கு எதுவும் உறைக்கவில்லை. போன் மேசையில் கிடந்தது. அதை எடுப்பார், பார்ப்பார், கவிழ்த்து வைப்பார். சாப்பாடு இறங்கவில்லை. கழிவறைக்குப் போகும்போதும் போனைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. எதுவும் வரவில்லை.

சரி, விட்டுத்தொலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அத்தான் நல்ல மனசோடு சொன்ன பொய். அதைப் பிடித்துக்கொண்டு நாம்தான் தொங்கியிருக்கிறோம். பழைய வரிகளைத் திரும்பப் போடுவோமா, இல்லை, யார் கேட்கப் போகிறார்கள் என்று இப்படியே விட்டுவிடுவோமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தான் நம்பர்.

“சொல்லுங்க அத்தான்.”

 “நீதானா?” என்றது அக்காவின் குரல்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“வாயைத் திறந்து பேசுடா. நீதானா?”

“நான்தான்கா.”

“நல்லா இருக்கியா? ஆஸ்பத்திரில எதுவும் இல்லையே?”

“இல்லக்கா, ஆபீஸ்ல இருக்கேன். ஏன்?”

“ஏனா? ஒரு வாரமா யாரோ எழுதுறாங்க, நீ இல்ல. பழசெல்லாம்கூட மாத்திட்டாங்க. ஆள் போயிட்டா அவன் எழுதினதையும் துடைச்சிடுவாங்களோன்னு நினைச்சேன். உங்க அத்தானைக் கேட்டா நல்லாத்தான் இருக்கான்னு சொல்றார். அவர் எப்பவும் அப்படித்தானே சொல்வார். எனக்குத் தெரியாம எதையோ மறைக்கிறார்னு நான் தூங்கவே இல்லடா. போன் பண்ணவும் பயம். வேற யாராவது எடுத்துட்டா?”

தம்பிக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார்: ஏஐ, பொத்தான், பிஸ்கட், ஒரு வாரம் வேண்டுமென்றே விட்டுவைத்தது. அக்கா முழுதும் கேட்டாள்.

“பரீட்சை வெச்சியாக்கும். உன்னை நேர்ல பாத்தா காதைத் திருகுவேன்.” திட்டி முடித்ததும், “உங்க மெஷின் ஒண்ணும் தப்பா எழுதல. மத்த வெப்சைட்ல எல்லாம் அதை வைங்க. அங்க எனக்குப் படிச்சுக் காட்டுறது, படம்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கும். எரிச்சலா வரும். உன் வெப்சைட்ல மட்டும் அது வேண்டாம்” என்றாள்.

“இப்பவே மாத்திடுறேன்கா.”

“இரு. ஒரு விஷயம் அதுதான் சொல்லிச்சு. நாற்காலி பழுப்பு நிறம்னு. இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட நிறத்தைச் சொன்னதில்ல.”

“அது உனக்குத் தெரியாதாக்கா? நீ உட்கார்ந்த நாற்காலிதானே.”

“மறந்துட்டேன்டா” என்றாள் அக்கா. “நிறமெல்லாம் ஒவ்வொண்ணா போயிட்டே இருக்கு. அந்த ஜன்னல் கம்பி பச்சைதானே? அதுவும் இப்ப சந்தேகமா இருக்கு.”

“பச்சைதான்கா. போன வருஷம் திரும்ப அடிச்சாங்க. அதே பச்சை.”

 பழைய மாதிரி அழுதால் போனை வைத்துவிடுவாள் என்ற பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். அழவில்லை. அக்காவும் வைக்கவில்லை.

“நான் அங்க வரட்டுமாக்கா?”

 அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். கீழே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“வந்து என்ன பாக்கப் போற?”

“உன்னைத்தான்.”

“நான் எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியாதுடா. உங்க அத்தானைக் கேட்டா அன்னைக்கு மாதிரியே இருக்கேங்கிறார்.” அவள் சிரித்தது கேட்டது. “வா. வந்து நீ பாத்துச் சொல்லு. நரைச்சது, சுருங்கினது எல்லாத்தையும் நிறத்தோட சொல்லணும். அந்த மெஷின் சொல்ற மாதிரி மொட்டையாச் சொல்லிடாத. நீ எழுதுவியே, அந்த மாதிரி சொல்லு.”

போனை வைத்தபின் அவர் பழைய வரிகளைத் திரும்பப் போட்டார். சாஃப்ட்வேரில் அந்தச் சோதனையையும் அன்றைக்கே எழுதி முடித்தார்: ஏற்கெனவே ஒருவர் எழுதிய விவரம் இருந்தால் பொத்தான் அதைத் தொடாது. பிறகு ஜன்னலோர நாற்காலியின் விவரத்தைத் திறந்து, ‘நாற்காலி பழுப்பு, கம்பி பச்சை’ என்று சேர்த்துவிட்டு, லீவு கேட்பதற்காக நூலகர் அம்மாவைத் தேடிக் கீழே இறங்கினார். மூன்றாவது படி ஆடியது.