செல்வியின் வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்தேன்

கல்லூரிப் போட்டி ஒன்றுக்கு ‘நான் யார்’ என்ற தலைப்பில் வீடியோ எடுக்கச் சொன்னார்கள். தன் அப்பாவின் கம்பெனி வேலைக்காகக் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்குக் குடியிருந்த என் தோழி செல்வி, அதுவரை மறைத்திருந்த தன் சாதியை என் கேமரா முன் சொன்னாள். “மிஸ் மட்டும்தான் பாப்பாங்க” என்று நான் சத்தியம் செய்திருந்தேன்.

முதல் பரிசு கிடைத்த பெருமையில் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். யாரோ அதைச் செல்வியின் வீட்டுக்காரம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள்.

“இத்த முன்னாடியே ஏம்மா சொல்லல? ஊட்டக் காலி பண்ணிடு” என்று செல்வியின் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

மன்னிப்புக் கேட்க ஓடினேன். செல்வி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா பாத்துக்கினு நிக்குற? இதையும் வீடியோ எடுத்துக்கினு போ” என்றாள். அதன்பின் பேசவேயில்லை.

இப்போது யாரைப் படமெடுத்தாலும் அவர்களிடம் கேட்காமல் எவருக்கும் காட்டுவதில்லை. செல்வியின் வீடியோவை அன்றே அழித்துவிட்டேன். போன வாரம்கூட ஒருவர் அதை எனக்கே அனுப்பினார்.